கடைசிப் பேருந்துக்கு முன் முடிகிற ஆண்டு விழா

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எங்கள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டு விழாப் பேச்சு தொடங்கிவிடும். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றும் எனக்கு, விழாக் குழுவின் பொறுப்பும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே இருக்கிறது. ஆண்டு விழா, இலக்கிய மன்ற நிறைவு விழா, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான பிரிவு உபசார விழா என்று தை, மாசி மாதங்களில் அடுத்தடுத்து வரும் நிகழ்ச்சிகளை நடத்திப் பழகியதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. விழாத் திட்டத்தை எழுத உட்காரும்போது முதலில் குறிக்க வேண்டியது, தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் ஏறும் கடைசி நகரப் பேருந்தின் நேரம். அழைப்பிதழ், சிறப்பு விருந்தினர், பந்தல், பரிசு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பிள்ளைகளின் வீட்டு நிலைமை. மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளிப் பக்கத்து மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள் பேருந்தை விட்டு இறங்கிய பிறகும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும். அப்பா ஓசூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பார். வாரக் கடைசியில்தான் ஊருக்கு வருவார். அம்மா விடியும் முன்பே தக்காளி பறிக்கக் கிளம்பிவிடுவார். இரவு எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் வண்டியுடன் வந்து நின்று மகளை அழைத்துப் போக அந்த வீடுகளில் ஆள் இருக்காது. ஆகவே விழா இரவில் நடக்கும் என்று தெரிந்த உடனேயே அந்தப் பெண்கள் நடனத்துக்கோ நாடகத்துக்கோ பெயர் கொடுப்பதில்லை. கேட்டால், "எனக்கு ஆட வராதுங்க ஐயா" என்று சொல்லி விலகிக்கொள்வார்களே தவிர, பேருந்துதான் காரணம் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். விழாவைப் பிற்பகலுக்கு மாற்றிய ஆண்டில் முதலில் மாறியது பங்கேற்பாளர் பட்டியல்தான். அதுவரை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருக்கும் பிள்ளைகளே நிறைந்திருந்த அந்தப் பட்டியலில், முதன்முறையாக மலையடிவாரத்து ஊர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஆட வராது என்று சொன்னவர்களுக்கு நன்றாகவே ஆட வந்தது.

கடைசிப் பேருந்து மாலை ஆறரை மணிக்கு என்றால், நாட்டுப்பண் ஐந்தரை மணிக்கு ஒலித்தாக வேண்டும். ஒப்பனை கலைத்து, உடை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். தொடக்கம் பிற்பகல் இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம் மட்டுமே. இந்த மூன்றரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவு, பெரியவர்களுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், மேடை தானாகவே பெரியவர்களிடம் போய்விடும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, வாழ்த்துரைகள், சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை என்ற வழக்கமான வரிசையில், வாழ்த்துரை வழங்க 12 பேர் அமர்ந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினாலே ஒரு மணி நேரம் போய்விடும். அதற்கு முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுக்கும் நேரம் தனி. அத்தனையும் முடியும்வரை, வேடமிட்ட பிள்ளைகள் வகுப்பறைக்குள் வியர்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். நிகழ்ச்சி முடிய நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கடைசி நான்கு நடனங்களை ரத்து செய்த விழாக்களை மற்ற பள்ளிகளில் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் ஒத்திகை பார்த்த பிள்ளைகளிடம் அதைப் போய்ச் சொல்வதைவிடக் கொடுமையான வேலை ஓர் ஆசிரியருக்கு வேறு இல்லை.

நாங்கள் கடைப்பிடிக்கும் ஏற்பாடு எளிமையானது. பேச்சு முழுவதற்கும் சேர்த்து 40 நிமிடம். அதுவும் தொடர்ச்சியாக அல்ல. நான்கு நிகழ்ச்சிக்கு ஒருமுறை, அடுத்த குழு மேடைக்குப் பின்னால் அணிவகுக்கும் இடைவெளியில் ஒருவர் பேசுகிறார். பொன்னாடையை நிறுத்திவிட்டு, விருந்தினர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு புத்தகத்தைப் பிள்ளைகளே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். இவற்றை விழா மேடையில் வைத்துச் சொன்னால் மனத்தாங்கல் வரும். அழைக்கப் போகும்போதே, "பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்கணுங்க, நீங்க பேசுறதுக்கு ஐந்து நிமிஷம் வச்சிருக்கோம்" என்று தலைமையாசிரியர் நேரில் சொல்லிவிடுகிறார். பேருந்து என்ற காரணத்தை மறுத்துப் பேசிய விருந்தினர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. ஊரின் பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் மீது அக்கறை இருக்கிறது. அதை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

பரிசளிப்பையும் பிரித்துவிட்டோம். கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, வகுப்பில் முதலிடம் போன்றவற்றுக்கான பரிசுகளை விழாவுக்கு முந்தைய வாரம் முழுவதும் காலை வணக்கக் கூட்டத்தில் நாள்தோறும் சிலருக்கு வழங்கிவிடுகிறோம். முழு வருகைக்கான பரிசும் மாவட்ட அளவில் வென்றவர்களுக்கான பாராட்டும் மட்டுமே விழா மேடைக்கு. முழு வருகையை மேடைக்கு வைத்ததில் எனக்குத் தனிப்பட்ட பிடிவாதம் உண்டு. தக்காளிக்கும் மல்லிக்கும் ஆள் தேவைப்படும் நாட்களில்கூடப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் அந்தக் கைதட்டலைக் கேட்க வேண்டும்.

நாள் குறிப்பதில் கவனிக்க வேண்டியவை பல. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகளும், மார்ச் மாதத் தொடக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் வந்துவிடுவதால், திருப்புதல் தேர்வுகளுக்கு இடையில் கிடைப்பது மிகக் குறுகிய இடைவெளி. அந்த இடைவெளியிலும் ஊர்த் திருவிழாக்கள் குறுக்கே வரும். தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் பெண்கள் வடம் பிடிக்கும் தைப்பூசத் தேர், மாசி சிவராத்திரி, அதற்கு மறுநாள் காவேரிப்பட்டணம் வரை களைகட்டும் மயானக் கொள்ளை ஆகிய நாட்களை ஒட்டி விழா வைத்தால் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, மைக் செட்டும் பந்தலும் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கூடும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் உள்ள நண்பர்கள் எருது விடும் விழா நாட்களையும் பார்த்துத்தான் தேதி வைக்கிறார்கள். வாரச் சந்தை நாளும் ஆகாது. பெற்றோர் வர முடியாது, பேருந்திலும் இடம் இருக்காது. நாங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறோம். வெளியூர் வேலையிலிருந்து வரும் அப்பாக்கள் அன்றைக்குத்தான் ஊரில் இருப்பார்கள்.

நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் வேலையைப் பாதியாகக் குறைத்தது கலைத் திருவிழா. பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய இந்தப் போட்டிகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடப்பதால், அரையாண்டுத் தேர்வுக்குள்ளேயே பறையாட்டம், கிராமிய நடனம், தனிநபர் நடிப்பு என்று பல நிகழ்ச்சிகள் பள்ளியில் தயாராகிவிடுகின்றன. போட்டியில் தோற்ற குழுக்களையும் ஆண்டு விழாவில் ஏற்றுவது என் வழக்கம். நடுவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுப் போன நடனத்தை, அவர்களுடைய பெற்றோர் முழுவதும் பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டும்.

குழு பிரிப்பதைப் பற்றி வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று விட்டுவிட்டால் பிள்ளைகள் ஊர்வாரியாகச் சேர்வார்கள். ஊர்வாரி என்பது எங்கள் பக்கத்தில் பல நேரம் சாதிவாரியாகவும் ஆகிவிடும். எனவே வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி குழு பிரிக்கிறோம். முதல் இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசாமல் நிற்பவர்கள், கைகோத்து ஆட வேண்டிய அடி வரும்போது வேறு வழியில்லாமல் பேசத் தொடங்குவார்கள். சாதிப் பெருமை பேசும் பாடல்களுக்கும், கட்சித் தலைவர், நடிகர் படம் போட்ட சட்டைகளுக்கும் இடமில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுகிறோம். பாடல் வரிகளைக் குழுத் தலைவர் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்; எழுதிப் பார்க்கும்போது பல பாடல்களை அவர்களே கைவிட்டுவிடுகிறார்கள். திரைப்பாடலே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பிடித்த பாடலுக்கு ஆடும் மகிழ்ச்சியைப் பிடுங்கிக்கொண்டு நடத்தும் விழா யாருக்காக? ஆனால் திரைப்பாடலுக்குச் சரிபாதி, வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் கொண்டு வருவதற்குச் சரிபாதி என்று வைத்திருக்கிறோம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். பாட்டி பாடும் நாற்று நடவுப் பாட்டைத் தெலுங்கிலேயே ஒரு மாணவி பாடியபோது, பந்தலின் பின்வரிசையில் இருந்த பெண்கள் சேர்ந்து பாடினார்கள்.

எங்கள் விழாவுக்குத் தனி முகம் கொடுத்தது கூத்து. பங்குனி, சித்திரையில் இந்தப் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பதும் இரவில் விடிய விடியக் கூத்து ஆடுவதும் வழக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா, பல ஆண்டுகள் வேடம் கட்டிய கூத்து வாத்தியார் என்று தெரிந்ததும் அவரைத் தேடிப் போனோம். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால், ஔவை வரும் கதை ஒன்றை ஆட வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். எல்லோரும் நெல்லிக்கனியைத்தான் சொன்னார்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு வாத்தியார் சொன்னார்: "சார், விடிய விடிய ஆடுறத இருபது நிமிஷத்துல ஆடணும்னா மூச்சு முட்டும். ஒரே ஒரு முடிச்ச எடுத்துக்கங்க. சண்டையும் இருக்கணும், சிரிப்பும் இருக்கணும்."

அவர் கேட்டது புறநானூற்றின் 95ஆம் பாடலில் இருந்தது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வதுபோல் இகழும் இந்த இடம், கூத்தில் வேடிக்கை பேசிச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனுக்கென்றே செய்துவைத்தது போலிருந்தது. தொண்டைமானின் பளபளக்கும் வேலைத் தொட்டுப் பார்த்து, "மகராஜா, இது போருக்குப் போறதா, பொண்ணு பாக்கப் போறதா?" என்று கட்டியங்காரன் கேட்கும் வசனத்தைப் பிள்ளைகளே எழுதினார்கள். அந்த வேடத்தை ஒரு மாணவி கேட்டாள். கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டும் வழக்கத்தில் வளர்ந்த வாத்தியார் சற்று யோசித்தார். பிறகு, "கடைசி வரிசைக்குச் சத்தம் போகுதான்னு பாக்கறேன். போனா அந்தப் பொண்ணுதான் கட்டியங்காரன்" என்று சொல்லி மைதானத்தின் மறுகோடியில் போய் நின்றுகொண்டார். சத்தம் போயிற்று.

கூத்தைப் பள்ளி மேடைக்குக் கொண்டுவர விரும்புபவர்களுக்குச் சில சங்கதிகள் பயன்படலாம். கிரீடமும் புஜக்கட்டையும் பெரியவர்களின் உடம்புக்குச் செய்யப்பட்டவை. பிள்ளைகளின் தோளில் நிற்காது. துண்டை மடித்து உள்ளே வைத்து, முதுகுப்புறம் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அந்தக் கோலத்திலேயே இரண்டு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். சுற்றி ஆடும்போது கிரீடம் கண்ணை மறைத்தால் பிள்ளை மேடை விளிம்பைப் பார்க்காது. அரிதாரம் பூசும் முன் முகம் முழுவதும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். முந்தைய நாளே கன்னத்தில் சிறிது பூசிப் பார்த்து, அரிப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கலைக்கும்போதும் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகுதான் சோப்பு. தண்ணீரை மட்டும் ஊற்றித் தேய்த்தால் முகம் எரியும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதால் பிற்பகல் மூன்று மணிக் கூத்துக்குக் காலையிலேயே உட்கார வேண்டும். ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பதிவு செய்த இசையை வைக்காமல் கலைஞர்களையே அழைத்து, அவர்களுக்குரிய ஊதியத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடம்தானே என்று கலைஞரிடம் இலவசமாகக் கேட்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

மேடை வேலைகளைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுத்தால், ஆடவும் பாடவும் விரும்பாதவர்களுக்கும் விழாவில் இடம் கிடைக்கிறது. பாடல்களை நிகழ்ச்சி வரிசைப்படி எண்ணிட்டு ஒரே பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றையும் கடைசி வரை ஒலிக்கவிட்டுச் சரிபார்ப்பது ஒரு மாணவனின் வேலை. கைப்பேசியில் பாட்டுப் போட்டால் நடனத்தின் நடுவில் அழைப்பு வரும். எங்கள் மேடை மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயில் நேராக ஆடுபவர் கண்ணில் விழும் என்பதால் சாமியானாவின் மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டச் சொல்கிறோம். குத்துவிளக்கை ஏற்றியதும் மேடையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். வாடகை நடன உடைகள் பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் செயற்கை இழைத் துணி. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம் என்று மைக் செட்காரரிடம் முதலிலேயே சொல்லி, பாக்ஸ் ஸ்பீக்கர்களை மைதானத்தின் உட்புறம் திருப்பி வைத்தாலே பார்வையாளருக்குப் போதுமான சத்தம் வரும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. பிற்பகல் விழாவுக்கு அந்தக் கவலையும் இல்லை.

பெண்கள் உடை மாற்றும் அறை பற்றிய ஏற்பாட்டில் எந்தத் தளர்வும் கூடாது. சன்னல்களுக்கு உள்பக்கம் துணி கட்டி, வாசலில் இரண்டு ஆசிரியைகள் மாறி மாறி நிற்க வேண்டும். கைப்பேசி எவருடையதாக இருந்தாலும் உள்ளே போகக் கூடாது. புகைப்படம் எடுக்க ஓர் ஆசிரியர் மட்டும் பொறுப்பு. படங்களை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். மாணவியரின் நடனக் காட்சிகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் மைக்கிலேயே கேட்டுக்கொள்கிறோம். வேறொரு பள்ளியில், அப்படிப் பரவிய ஒரு காட்சியைக் கண்ட உறவினரின் பேச்சால் ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்தப் பார்த்தார்கள். அந்தப் பெண் செய்தது நடனம் ஆடியது மட்டுமே.

சாப்பாட்டை மறந்துவிடுவது எளிது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விழா நாளின் அவசரத்தில் காலையிலும் சாப்பிடாமல் வந்து ஒப்பனைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். மாசியில் தக்காளி விலை இறங்கிக் கிடந்தால் பெற்றோரே பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து இறக்குவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் சேர்ந்து சமைக்கும் தக்காளி சாதத்தை நண்பகலிலேயே அனைவருக்கும் பரிமாறிவிடுகிறோம்.

பிரிவு உபசார விழா இதைவிடச் சிறியது. ஆனால் பிள்ளைகள் அதிகம் செலவழிப்பது அதற்குத்தான். எல்லோரும் ஒரே நிறத்தில் பட்டுப்புடவை, வேட்டி சட்டை என்று முடிவெடுப்பார்கள். வாங்க முடியாதவர்கள் அன்றைக்கு வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பார்கள். சீருடையில்தான் வர வேண்டும் என்ற ஒரே விதியால் அது நின்றது. ஆசிரியர்களுக்கு நினைவுப் பரிசு வாங்கக் காசு திரட்டுவதையும் நிறுத்தினோம். பதினொன்றாம் வகுப்பினர் நடத்தும் உறியடி, இசை நாற்காலி, ஆசிரியர்களைப் போல் பேசிக் காட்டும் நிகழ்ச்சி ஆகியவற்றோடு இரண்டு மணி நேரத்தில் விழா முடிகிறது. அன்று ஒவ்வொரு மாணவிக்கும் மாணவனுக்கும் ஓர் அட்டை கொடுக்கிறோம். அதில் அருகிலுள்ள அரசுக் கல்லூரிகளின் பெயர்கள், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேருவோருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் பற்றிய விவரம், குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு கல்யாணப் பேச்சை எடுக்கும் வீடுகள் எங்கள் பகுதியில் இன்னமும் இருக்கின்றன. பதினெட்டு நிரம்பாத பெண் அந்த எண்ணைத் தேடி அலையும் நிலை வரக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, மாணவர்களிடம் ஒரு ரூபாயும் வசூலிப்பதில்லை. நன்கொடை தருபவர்களிடம் பந்தல், மைக் செட், வேட வாடகை, புத்தகம் என்று குறிப்பிட்ட ஒரு செலவை நேரடியாக ஏற்கச் சொல்கிறோம். ரொக்கமாக வருவதற்கு ரசீது உண்டு. விழா முடிந்த வாரத்திலேயே வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கிறோம். மிஞ்சும் தொகையில், மலையடிவாரத்துப் பேருந்தைத் தவறவிட நேரும் பிள்ளைகளை வீடு சேர்க்க ஒரு வேன் வாடகையை அடுத்த ஆண்டுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுகிறோம்.